இடக்கையாகத் திரும்பி வந்தது

அந்த அலுவலகத்தில் இயக்குநர் முதல் வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவர் அண்ணிதான். உண்மையில் ஒரே ஒருவனுக்குத்தான் அவர் அண்ணி: கணவரின் தம்பி, அதே பிரிவில் இளநிலைப் பொறியாளன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, கூட்டம் நடந்துகொண்டிருந்த அறைக் கதவைத் திறந்து, "அண்ணி, சார்ஜர் இருக்கா?" என்று அவன் கேட்டது மூன்று மாடிக்கும் கேட்டது. அன்றோடு 'மேடம்' ஒழிந்தது. அவனுக்கும் அன்றே, சத்தத்தை அளக்கும் அலகான டெசிபல் என்று பேர் விழுந்தது. வைத்தவர் அண்ணி. பட்ட கடனை அவர் ஒருநாளும் மறுநாளைக்குத் தள்ளிப்போட்டதில்லை.

அண்ணிக்குத் தகவல்தொடர்புப் பொறியாளர் வேலை. கோபுரத்துக்குக் கோபுரம், நடுவில் கம்பியே இல்லாமல், பேச்சையும் படத்தையும் அலையில் ஏற்றி அனுப்புவது. பிறந்ததோ துணிக்கடைக் குடும்பத்தில். கல்லாவுக்குப் பின்னால் வளர்ந்த பெண் என்பது எதிலும் தெரியும். விலையைக் கேட்டதும் சிரிப்பார். அந்தச் சிரிப்பிலேயே பாதி குறைந்துவிடும். அவருடைய அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பேரம் இழுத்துக்கொண்டே போனால், துணியை வாடிக்கையாளர் தோளில் போட்டு, கடைக் கோடியில் இருந்த ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். பிறகு ஒரு வார்த்தை பேசமாட்டார். கண்ணாடியில் தன்னைப் பார்த்தவர் யாரும் அதற்குமேல் விலை பேசியதில்லை என்பது அவர் கண்டுபிடிப்பு.

இந்தத் தொழிலில் படிப்பு பட்டத்தோடு முடிவதில்லை. நேற்று வந்த கருவி இன்று பழையதாகிவிடுவதால் பொறியாளர் மன்றம் ஒரு விதி வைத்திருந்தது. உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் பயிற்சிகளுக்குப் போய்ப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். நல்ல விதிதான். நல்ல விதிகளுக்கு நேரும் கதிதான் அதற்கும் நேர்ந்தது: எல்லோரும் புள்ளிக்குப் போனார்கள், பயிற்சிக்கு யாரும் போகவில்லை. அண்ணி இதில் கைதேர்ந்தவர். தேநீர் இடைவேளையோடு நழுவினாலும் முழுநாள் புள்ளி வாங்கிவிடுவார். பேச்சாளரைப் பாராட்டி ஒரு கேள்வி கேட்டு, கொசுறாக இன்னொன்றும் வாங்குவார். 'கற்றதை உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுக' என்ற கட்டத்தில் ஊரே எழுதுவதைத்தான் அவரும் எழுதுவார்: 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது.'

இந்த முறை மட்டும் புள்ளிச் சரக்கு குறைந்துவிட்டது. காரணம், தீவு.

கடலுக்கு அப்பால் ஒரு தீவு. அதில் சின்னதாய் ஓர் ஆஸ்பத்திரி. காற்றுக் காலத்தில் படகும் போகாது, கடலடிக் கேபிளும் அறுந்துபோகும். அங்கே ஒரு பிரசவம் சிக்கலானால், இந்தக் கரையில் இருக்கும் பெரிய டாக்டருக்குப் படம் காட்டி யோசனை கேட்க வழியில்லை. அந்த வழியை அலையில் போடுவதுதான் அண்ணி எடுத்துக்கொண்ட வேலை. எந்தப் பாறையில் கோபுரம் நிற்கும், கடல் பரப்பில் பட்டுத் தெறிக்கும் அலை எந்த நேரத்தில் வந்து கெடுக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பெற்ற பிள்ளைக்குத் தடுப்பூசி போட்ட தேதிகூட அவருக்கு அவ்வளவு துல்லியமாக நினைவில்லை. இதில் பயிற்சிக்கு எங்கே போவது?

மறுநாள் காலை இணைப்பைத் திறக்க வேண்டும். 'இதை நம்பலாம்' என்று உரிமம் உள்ள பொறியாளர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணியின் உரிமமோ அன்று மாலை அலுவலகம் மூடும் நேரத்தோடு காலாவதி. அதற்குள் மிச்சப் புள்ளி சேராவிட்டால், மன்றத்தின் அடுத்த கூட்டம் வரை அவர் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். கையெழுத்து அடுத்த ஆளுக்குப் போகும். அடுத்த ஆள், உரிமம் இன்னும் தீராத டெசிபல்.

"ரெண்டு வருஷமா நான் நின்னு சமைச்சதுக்கு, நீ வந்து உப்பு சரியா இருக்குன்னு சொல்லிப் பேர் வாங்கப் போறியா?" என்றார் அண்ணி.

"கவலைப்படாதீங்க அண்ணி. உப்பு கம்மியா இருந்தாலும் வெளிய சொல்லமாட்டேன்."

வேண்டிய புள்ளியை மொத்தமாகக் கொடுக்கும் பயிற்சி ஒன்றே ஒன்றுதான் அன்று இருந்தது. தொழில்நுட்பக் கல்லூரியின் மொட்டைமாடியில், 'நலிந்த சிக்னலைப் பிடித்தல் — செய்முறை.' இருவர் இருவராகச் செய்ய வேண்டியது. யாருமே சேராததால் இடம் தாராளமாக இருந்தது. அண்ணி டெசிபலை இழுத்துக்கொண்டு போனார். தான் தோற்றால் லாபம் அவனுக்குத்தான் என்பது இருவருக்கும் தெரியும். வண்டியில் போகும்போது இருவரும் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினார்கள்.

மொட்டைமாடியில், வீட்டுக் கூடத்தை மூடிவிடும் அளவுக்கு ஒரு டிஷ் ஆன்டெனா வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கருவி அறை. பயிற்சி கொடுக்க வந்தவர் சின்னப் பெண். ஆய்வு முடித்து வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்காது. காதைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் அவர் குரல் கேட்டது.

"நலிந்த சிக்னல்னா என்னன்னு இப்பவே புரியுது," என்றான் டெசிபல், ரகசியம் என்று நினைத்துக்கொண்டு.

அந்தப் பெண் சிரித்துவிட்டு, மேற்கே கை காட்டினார். காலை வெயிலில், நீல வானத்தில், அரை நிலா ஒன்று வெளுத்துப்போய் இருந்தது. துவைத்த துணியில் அலசாமல் விட்ட சோப்புக் கறை மாதிரி.

"அதுதான் உங்க எதிர் கோபுரம். ஒரு சின்ன ஒலிய அனுப்புங்க. அது நிலாவுல பட்டுத் திரும்பி வரணும். கேட்டதும் பதிவு பண்ணுங்க. அந்தப் பதிவ மன்றத்துக்கு அனுப்பினா புள்ளி ஏறிடும்."

"டீச்சர், எதிர்ல யாரும் இல்லாத கோபுரமா?" அண்ணி கேட்டார்.

"யாரும் இல்ல. கருவியும் இல்ல. வெறும் மண்ணு."

"சம்பளம் கேக்காத ஊழியர். நல்லதாப் போச்சு," என்றார் அண்ணி. "நேரம் எவ்வளவு இருக்கு?"

அந்தப் பெண் எதிரே இருந்த உயரமான அடுக்குமாடியைக் காட்டினார். நிலா அதன் பின்னால் இறங்கிவிட்டால் அன்றைய கதை முடிந்தது. உச்சிவேளைக்கு முன்பே அது நடந்துவிடும்.

அண்ணி வேலையில் இறங்கினார். டிஷ்ஷுக்கு நடுவில் இருந்த முனையில் இரண்டு துளைகள். ஒன்றில் வலக்கை என்றும் மற்றதில் இடக்கை என்றும் வண்ணத்தில் எழுதியிருந்தது. இந்த அலை நேராகப் போவதில்லை. திருகாணியின் புரி போலச் சுழன்றுகொண்டு போகும். வலப்பக்கம் சுழல்வது வலக்கை அலை, மறுபக்கம் சுழல்வது இடக்கை அலை. ஒரு கைக்கு வைத்த துளை மறு கை அலையைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. ஆகவே அனுப்பும் கோபுரத்தில் எந்தக் கையோ, வாங்கும் கோபுரத்திலும் அதே கை. இது அண்ணியின் தொழிலில் அரிச்சுவடி. யாராவது மாற்றி மாட்டினால், ஆளைக் கோபுரத்து உச்சியிலேயே விட்டுவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

அனுப்புகிற கேபிளையும் வாங்குகிற கேபிளையும் அனுப்பும்போதும் வாங்கும்போதும் தானே மாறிக்கொள்ளும் ஒரு ரிலே வழியாக வலக்கைத் துளையிலேயே கொண்டுவந்து சேர்த்தார்.

"ரெண்டுக்கும் ஒரே கையா?" என்றார் பயிற்சிப் பெண்.

"டீச்சர், நான் பொழுதன்னிக்கும் பண்றது இதுதான்."

அந்தப் பெண் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். செய்முறையில் உதவக் கூடாது என்பது மன்றத்து விதி.

டிஷ் முனகிக்கொண்டே திரும்பி நிலாவைப் பார்த்தது. அண்ணி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார். உள்ளே மழை பெய்கிற மாதிரி ஓர் இரைச்சல். டிஷ் நிலாவுக்கு நேரே வந்தபோது அந்த மழை கொஞ்சம் வலுத்தது.

"இது என்ன?"

"நிலாவோட சூடு," என்றார் அந்தப் பெண். "வெயில் பட்ட மண்ணு. அதுவும் இரையும்."

அண்ணிக்கு இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் போலிருந்தது. ஆனால் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. விசையைத் தட்டினார். ஒரு சின்ன 'டீ...' கிளம்பியது. ஒளியின் வேகத்தில் போய்வர இரண்டரை விநாடி. காத்திருந்தார்கள்.

மழை. வெறும் மழை.

மறுபடி தட்டினார். மழை. சக்தி போகிறதா என்று பார்த்தார், போகிறது. குறி சரியா? சரி, நிலாவின் சூடே கேட்கிறது. வாங்கும் கருவி? அதுவும் சரி. கேபிளை அவிழ்த்து, துடைத்து, திரும்ப முறுக்கினார். டெசிபல் கம்ப்யூட்டரில் திரும்பி வரும் சுருதியைக் கணக்குப் போட்டு, அந்த இடத்திலேயே கண்ணை நட்டு வைத்திருந்தான். திரையில் ஒரு கோடுகூட எழவில்லை. நிலா மட்டும் அடுக்குமாடியின் தண்ணீர்த் தொட்டியை நோக்கி இறங்கிக்கொண்டே வந்தது.

"அண்ணி, நிலா நம்ம நம்பர பிளாக் பண்ணிடுச்சு போல."

"வாய மூடு. உனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருக்கும்."

டெசிபல் திரையிலிருந்து கண்ணை எடுத்தான். பிறகு, "எனக்கு அந்தக் கையெழுத்து வேணாம் அண்ணி," என்றான். "அந்தத் தீவுல ஏதாவது ஆச்சுன்னா, ராத்திரி தூங்க முடியாம கிடக்கப் போறது நான்தானே? எனக்கு அந்தக் கடலோட குணம் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்."

அண்ணி அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினார்.

"டீச்சர், இங்க பாருங்க. கருவி எல்லாம் பூட்டினோம். நிலாவோட சூட்டையே கேட்டுட்டோம். அதுவும் நலிந்த சிக்னல்தானே? அதைப் பதிவு பண்ணித் தர்றேன். முழுசா வேணாம், பாதிப் புள்ளி போடுங்க."

"அது நிலா அனுப்பினது மேடம். நீங்க அனுப்பினது திரும்பி வரணும்."

"முக்கால் வாசி வேலை முடிஞ்சிருக்கு. முக்கால் கேக்கல, பாதிதான் கேக்கறேன். உங்களுக்குத்தான் லாபம்."

"என்கிட்ட பேசி என்ன பிரயோஜனம்?" என்றார் அந்தப் பெண், வருத்தமாகவே. "பேரம் பேச வேண்டிய ஆள் மேல இருக்கு. இறங்கி வராது."

அண்ணியின் சிரிப்புக்கு விலை குறையாத இடம் அதுதான் முதல் முறை. முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று கீழ்மாடிக்குப் போனார்.

கழிவறையில் சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி. தண்ணீரை முகத்தில் அடித்துவிட்டு நிமிர்ந்தார். ஹெட்செட் இன்னும் கழுத்திலேயே கிடந்தது. கழற்ற மறந்திருந்தார். அதன் சுருள் வயர் மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது. வெறுமே பார்த்துக்கொண்டிருந்தவர், குனிந்து தன்மேல் கிடந்த வயரைப் பார்த்தார். திரும்பக் கண்ணாடியைப் பார்த்தார். விரலால் சுருளைத் தொட்டுப் பின்தொடர்ந்தார். தன் மார்பில் அது வலப்பக்கம் சுழன்று இறங்கியது. கண்ணாடிக்குள் இருந்தவளின் மார்பில் இடப்பக்கம் சுழன்று இறங்கியது.

இத்தனை வருடத் தொழிலில், தெறித்து வரும் அலை என்றாலே அவருக்குத் திருடன். கடலில் பட்டு வந்தாலும் பாறையில் பட்டு வந்தாலும் அதை விரட்டுவதுதான் வேலை. உட்காரவைத்து, நீ எந்தக் கை என்று விசாரித்ததே கிடையாது. நிலா எதிர் கோபுரம் அல்ல. நிலா கண்ணாடி. வலக்கையாகப் போனது அங்கே பட்டதும் இடக்கையாகிவிடும். காலையிலிருந்து ஒவ்வொரு ஒலியும் ஒழுங்காகப் போய், ஒழுங்காகத் திரும்பி, வாசலுக்கே வந்து நின்றிருக்கிறது. இவர்தான் தவறான கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, யாரும் வரவில்லையே என்று உட்கார்ந்திருந்தார்.

முகம் துடைக்காமலே படியேறினார்.

"டேய், ஸ்பேனர! வாங்கற கேபிள இடக்கைக்கு மாத்து!"

"அண்ணி, அனுப்பறது வலக்கைல இருக்கே..."

"இருக்கட்டும். மாத்துடா சொல்றேன்."

பயிற்சிப் பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கண் மட்டும் சிரித்தது. நிலாவின் அடிவிளிம்பு தண்ணீர்த் தொட்டியை ஏறக்குறையத் தொட்டுவிட்டது. டெசிபல் கேபிளை முறுக்கிவிட்டு, ஒலிபெருக்கியையும் போட்டுவிட்டு, கம்ப்யூட்டருக்கு ஓடினான். பதிவு பட்டன் அவன் பொறுப்பு.

அண்ணி விசையைத் தட்டினார்.

டீ...

கையை எடுத்தார். அறையில் மழை இரைந்தது. இரண்டரை விநாடி என்பது மூச்சு விட மறக்கப் போதுமான நேரம்.

*டீ...*

மழைக்குள்ளிருந்து வந்தது. மெலிந்து, லேசாக நடுங்கி, அனுப்பியதைவிட ஒரு பொடிச் சுருதி இறங்கி. பூமி சுழன்று இவர்களை நிலாவிடமிருந்து பின்னால் இழுத்துக்கொண்டிருந்ததால் வந்த இறக்கம் அது. அண்ணிக்குத் தெரியும், கணக்குப் போட்டே காட்டுவார். ஆனாலும் தூரத்துத் தெருவில் யாரோ தன் பேரைத் தயங்கிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

அண்ணி மறுபடி தட்டினார். இந்த முறை இரண்டு. டீ, டீ. காத்திருந்தார்கள். டீ, டீ. மூன்று அனுப்பினார். மூன்றும் வந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை.

அவர் தன் விரலைப் பார்த்தார். இந்த விரல் அமுக்கியது ஏறக்குறைய எட்டு லட்சம் கிலோமீட்டர் போய்விட்டு வந்திருக்கிறது. போன வழியில் காற்று முடிந்துவிட்டது, சத்தம் என்ற பேச்சே முடிந்துவிட்டது. அங்கே யாருடைய காலும் படாத பள்ளங்களில் விழுந்து, எல்லாத் திசையிலும் சிதறி, அதில் கண்ணுக்கும் கருத்துக்கும் எட்டாத ஒரு துளி மட்டும், சொல்லி வைத்தது போல, இந்த ஊரின் இந்தத் தெருவின் இந்த மொட்டைமாடிக்குத் திரும்பியிருக்கிறது. கோடானு கோடி கொடுத்து இந்தத் துளியைத் திரும்ப வாங்குவது போன்ற நஷ்ட வியாபாரம் உலகத்தில் கிடையாது. அப்பாவின் கல்லாவுக்குப் பின்னால் வளர்ந்தவர், கை நிறைந்துவிட்ட மாதிரி நின்றார்.

"அண்ணி," என்றது ஒரு குரல். யாரென்று திரும்பிப் பார்த்தார். டெசிபல்தான். அவன் கிசுகிசுத்து அவர் கேட்டதேயில்லை. "இப்ப வர்றது... ரெண்டரை விநாடிக்கு முன்னாடி இருந்த நாமதானே?"

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். இன்னொன்று அனுப்பினார். அது திரும்பவில்லை. நிமிர்ந்து வாசல் வழியே பார்த்தால், எதிர் மாடியின் தண்ணீர்த் தொட்டி மட்டும்தான் இருந்தது.

கருவியை அணைத்த பிறகுதான் அண்ணி கேட்டார்: "பதிவு?"

டெசிபல் திரையைப் பார்த்தான். பட்டனை அவன் அமுக்கவே இல்லை. முதல் ஒலி வந்தபோது தூக்கிய கை, அப்படியே அவன் தலைமேல் போய் உட்கார்ந்துவிட்டிருந்தது.

"அண்ணி... சத்தியமா வேணும்னு பண்ணல... நான்... கேட்டுக்கிட்டே..."

"தெரியும்டா. நானும்தான் மறந்தேன்."

பயிற்சிப் பெண் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "எனக்குக் கேட்டுச்சு மேடம். என் காதாலயே கேட்டேன். ஆனா மன்றம் பதிவுதான் கேக்கும்." பிறகு அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேரம் ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. கொஞ்சம் அழுத்திப் பேசியிருந்தால், சாட்சி என்று ஒரு கடிதமாவது எழுதிக் கொடுத்திருப்பார். டெசிபலும் அதைத்தான் எதிர்பார்த்தான்.

அண்ணிக்கு வாயில் வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன. முக்கால் என்று தொடங்கிப் பாதியில் முடிக்கும் அத்தனையும். ஆனால் காதில் அந்த மூன்று ஒலி இன்னும் வந்துகொண்டிருந்தது. அதைத் தூக்கித் தராசில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

"விடுங்க டீச்சர்," என்றார். "தேநீர் இருக்கா?"

அன்று மாலை உரிமம் காலாவதியானது.

மறுநாள் காலை, துறைமுகக் கோபுரத்தின் கீழே, கருவி அறையில் இயக்குநர் காத்திருக்க, டெசிபல் பேனாவைத் திறந்தான். திறந்தவன் மூடிவைத்துவிட்டு, "ஒரு தடவ நானே எல்லாத்தையும் பார்த்துடறேன் சார்," என்றான். அண்ணி செய்துவைத்த சோதனைகளை ஒன்று விடாமல் திரும்பச் செய்தான். கடல் ஏறும்போது என்ன ஆகும், இறங்கும்போது என்ன ஆகும் என்று அண்ணியைக் குடைந்து குடைந்து கேட்டான். அண்ணி சலிக்காமல் சொன்னார். கடைசியில், "நம்பலாமா அண்ணி?" என்றான்.

"என்னைக் கேக்காத. கையெழுத்து உன்னோடது. நீ சொல்லு."

அவன் மறுபடி ஒரு முறை பார்த்துவிட்டு, "நம்பலாம்," என்று சொல்லிப் போட்டான். கோழி கிளறிய மாதிரி ஒரு கையெழுத்து. தன்னுடையது இதைவிட ஆயிரம் மடங்கு மேல் என்று அண்ணி நினைத்தார். அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை.

பிறகு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, வழக்கம்போலத் தீவுக்கு ஒரு சோதனை ஒலி அனுப்பினார். அங்கேயிருந்து உடனே திரும்பியது. வாழ்நாள் முழுக்க எத்தனையோ முறை கேட்ட ஒலி. கேட்ட கையோடு 'ஓகே' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். இன்று அவர் அசையவில்லை. இந்த ஒலி இப்போதுதான் ஒரு கடலைத் தாண்டிப் போய் வந்தது. அலைக்கும் மேலே, படகுகளுக்கும் மேலே, யாரையும் தொடாமல், யார் தலையும் நிமிராமல். இன்னொரு முறை அனுப்பினார். திரும்பி வந்தது. இன்னொரு முறை.

"கேக்குதா?" என்றது தீவு ஆஸ்பத்திரி நர்ஸின் குரல், பக்கத்து அறையில் நிற்பது போல. "ஹலோ, யாராவது இருக்கீங்களா?"

"இருக்கோம்மா," என்றார் அண்ணி. "நல்லாக் கேக்குது."

வெளியே வந்தபோது கடலுக்கு மேலே அரை நிலா வெளுத்துக்கிடந்தது. நேற்றைவிட ஒரு சிம்பு குறைவாக. கடைக்காரர் அளவில் கை வைத்த மாதிரி.

"டேய், இது எப்போ மறையுது?"

டெசிபல் போனைப் பார்த்தான். "நேத்தவிட கொஞ்சம் லேட்டு. ஆனா அண்ணி, இனிமே அனுப்பினாலும் புள்ளி அடுத்த கூட்டத்துலதான் ஏறும். அவசரமே இல்ல."

"புள்ளி கிடக்கட்டும். டீச்சருக்குப் போன் போட்டு டிஷ்ஷத் திருப்பி வைக்கச் சொல்லு. நீ வண்டிய எடு." ஏறி உட்கார்ந்த பிறகு, கதவைச் சாத்திக்கொண்டே சொன்னார்: "அப்புறம், இந்தத் தடவ பட்டன நான் அமுக்கறேன்."